“செமயா இருக்கு மச்சி” போதாது: வீட்டில் ரெக்கார்ட் செய்த ராக் பாட்டின் மிக்ஸுக்குக் கருத்துக் கேட்க ஒரு முழு வழிகாட்டி

நான்கு நிமிடப் பாட்டு. இரண்டு கிடார், ஒரு பேஸ், ஒரு குரல், டிரம்ஸ் மட்டும் வாசிக்காமல் கணினியில் மிடிக் குறிப்புகளாக எழுதியது. வேளச்சேரியில் 10க்கு 10 அடி அறை. ஃபேனை நிறுத்திவிட்டு, கதவிடுக்கில் போர்வையைச் சுருட்டி அடைத்து, மூன்று வாரம் ரெக்கார்டிங், அப்புறம் இரண்டு வாரம் மிக்ஸிங், அதாவது தனித்தனியாகப் பதிவான ட்ராக்குகளைச் சமன் செய்து ஒரே பாட்டாகச் சேர்ப்பது. முடித்த இரவே தெரிந்தவர்கள் 15 பேருக்கு அனுப்பினேன், “எப்படி இருக்கு, சொல்லுங்க” என்று ஒரே வரியோடு. 11 பேரிடமிருந்து “செம”, “வேற லெவல்”, நெருப்பு எமோஜி. இரண்டு பேர் பதில் போடவில்லை. ஒருவர் “குரலே கேக்கல” என்றார், இன்னொருவர் “குரல் ரொம்பத் தூக்கலா இருக்கு” என்றார். இதை வைத்துக்கொண்டு சத்தத்தை ஏற்றி இறக்கும் எந்த ஃபேடரை எந்தப் பக்கம் நகர்த்துவது?

அந்த 15 பேர் மேல் குற்றமில்லை. நான் கேட்ட கேள்வி அப்படி. அதற்கப்புறம் செய்த நாலைந்து பாட்டுகளில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கேட்பவர் தன் காதில் என்ன நடந்தது என்று சொன்னால் அது எப்போதுமே உண்மை. ஏன் நடந்தது, எதைத் திருகினால் சரியாகும் என்று சொன்னால் பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும். முதலாவதை அவரிடமிருந்து முழுசாக வாங்க வேண்டும், இரண்டாவதை நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

படி 1: நீங்களே பிடிக்கக்கூடியதை நீங்களே பிடியுங்கள்

ஒருவர் உங்கள் பாட்டை முதல் தடவையாகக் கேட்பது ஒரே ஒரு தடவைதான் நடக்கும். அந்த ஒரு தடவையை “1:32ல ஏதோ கிளிக் சத்தம் வருது” என்ற பதிலுக்குச் செலவழிக்காதீர்கள். மிக்ஸ் முடிந்ததும் குறைந்தது ஒரு இரவு தூங்குங்கள். மறுநாள் காலையில், ஹெட்ஃபோனில், திரையை அணைத்துவிட்டு, கையில் பேனாவும் காகிதமும் மட்டும் வைத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் கேளுங்கள். எடிட் ஒட்டிய இடத்தில் வரும் கிளிக், வரிக்கு முன்னால் பெரிதாகக் கேட்கும் மூச்சு, கிடார் நின்ற பிறகும் இழுத்துக்கொண்டிருக்கும் ஆம்ப் இரைச்சல், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், எல்லாம் இந்த ஒரு தடவையில் சிக்கிவிடும். திரை ஓடிக்கொண்டிருந்தால் சிக்காது, ஏனென்றால் கண் அடுத்து வரப்போவதைப் பார்த்துவிடுகிறது, காது அதற்குத் தயாராகிவிடுகிறது.

அப்புறம் சத்தத்தைக் குறைத்து, பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசினால் பாட்டைவிட அவர் குரல் பெரிதாகக் கேட்கும் அளவுக்கு வைத்து, இன்னொரு தடவை. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்ச்சரும் மன்சனும் 1933ல் அளந்து காட்டிய விஷயம் இது: சத்தம் குறையக் குறைய நம் காது தாழ்ந்த ஒலிகளை நடு ஒலிகளைவிட வேகமாக இழக்கிறது. அதனால்தான் இரவு உற்சாகத்தில் சத்தமாக வைத்து மிக்ஸ் செய்தால் எல்லாமே கனமாக, பிரமாதமாகத் தெரியும், காலையில் மெதுவாக வைத்தால் பேஸ் எங்கே போனது என்று தேடுவோம். மெதுவாக வைத்தபோதும் குரலும் ஸ்னேர் டிரம்மும் பேஸின் சுரங்களும் தொடர்ந்து புரிகிறதென்றால் அடித்தளம் சரி. காதுக்கும் இதுதான் நல்லது. 85 டெசிபெலில் எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதி என்பது அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு வேலையிடங்களுக்குச் சொல்லும் வரம்பு. ஹெட்ஃபோனில் ராக் மிக்ஸ் செய்பவர்கள் அதைத் தாண்டுவது ரொம்ப எளிது.

அடுத்தது மோனோ, அதாவது இடது வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்பது. எல்லா ட்ராக்கும் சேரும் மாஸ்டர் தடத்தில் மோனோ பட்டனை அழுத்திக் கேளுங்கள். இடது, வலது கிடார்கள் திடீரென்று மெலிந்து, குழாய்க்குள் இருந்து வருவதுபோல் ஆனால், நீங்கள் ஒரே டேக்கைக் காப்பி செய்து கொஞ்சம் தள்ளி வைத்து இரண்டு பக்கமும் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அலைகள் ஒன்றையொன்று அழிக்கின்றன. வேறு வழியே இல்லை, கிடாரை உட்கார்ந்து இரண்டாவது தடவை வாசித்து ரெக்கார்ட் செய்யுங்கள். இதற்கு யாருடைய கருத்தும் தேவையில்லை.

கடைசியாக, ஒப்பிட ஒரு பாட்டு. உங்களுக்குப் பிடித்த பாட்டு என்பதற்காக எடுக்க வேண்டாம். உங்கள் பாட்டைப் போன்ற வேகம், அதே எண்ணிக்கையில் கிடார்கள், அதே மாதிரிக் குரல் இருக்க வேண்டும். வெளியான ராக் பாட்டுகள் பல மைனஸ் 10 எல்யூஎஃப்எஸ்ஸையும் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்) தாண்டிச் சத்தமாக இருக்கும், மாஸ்டர் செய்யாத, அதாவது வெளியீட்டுக்கான கடைசி மெருகு ஏறாத உங்கள் மிக்ஸ் மைனஸ் 16ல் நிற்கும். அப்படியே ஒப்பிட்டால் எப்போதும் அதுதான் ஜெயிக்கும். அந்தப் பாட்டின் ட்ராக்கை 5, 6 டெசிபெல் இறக்கி, இரண்டும் ஒரே அளவில் கேட்கும்படி வைத்த பிறகு மாற்றி மாற்றிக் கேளுங்கள். சத்தத்தை அளந்து காட்டும் யூலீன் மீட்டரின் இலவசப் பதிப்பே இந்த அளவுக்குப் போதும்.

படி 2: உங்கள் அறை என்ன பொய் சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பேஸ் பற்றி வரும் கருத்துகளில் பெரும்பாலானவை மிக்ஸைவிட மிக்ஸ் செய்த அறையைப் பற்றியவை.

ஆரம்பத்தில் சொன்ன என் பாட்டு ஏ மைனரில். பேஸின் திறந்த ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ், பாட்டு முழுக்க அதில்தான் வந்து இறங்கும். என் அறை 10 அடி, அதாவது 3.05 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 56 ஹெர்ட்ஸ். அந்த அலைவரிசையில் அறை தானே அதிரும். சுவரோரம் அது பெருத்துக் கேட்கும், அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய காணாமல் போய்விடும். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்ததால் இரண்டு பக்கச் சுவர்களும் அதே 56ஐத்தான் கிளப்பின. என் நாற்காலி எங்கே இருந்தது? சரியாக நடுவில். ஏ சுரம் எனக்குக் கேட்கவில்லை, அதனால் 55 பக்கத்தில் 5 டெசிபெல் ஏற்றினேன், கேட்டது, திருப்தியாக இருந்தது.

காரில் கேட்ட நண்பன் அனுப்பிய பதில்: “டேய், பேஸ் நல்லாத்தான் இருக்கு, ஆனா சில இடத்துல மட்டும் கும்முனு கதவே அதிருது.” எந்த இடம் என்று கேட்டேன். 0:24, 0:31, 1:12 என்று எழுதி அனுப்பினான். போய்ப் பார்த்தால் மூன்றும் ஏ சுரம். அவன் கையில் வெறும் கார் ஸ்டீரியோதான், ஈக்யூ (குறிப்பிட்ட அலைவரிசைகளை மட்டும் ஏற்றி இறக்கும் கருவி) என்றால் என்னவென்றே தெரியாது, ஆனால் நான் இரண்டு வாரமாகக் காணாததை அந்த மூன்று நேரக்குறிப்பில் காட்டிவிட்டான். 5 டெசிபெலை எடுத்துவிட்டேன், நாற்காலியை எதிர்ச் சுவரிலிருந்து அறை நீளத்தின் 38 சதவீதத்துக்கு, அதாவது 3 அடி 10 அங்குலத்துக்கு நகர்த்தினேன். 38 என்பது ஒரு தோராயக் கணக்குதான், உங்கள் அறையில் அரை அடி முன்பின் மாறலாம். பின்பக்கச் சுவரில் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்திச் சாய்த்தேன். மெத்தை 56 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது, அதற்கு அது போதாது, ஆனால் வெறும் சிமெண்ட் சுவரின் எதிரொலி அடங்கிக் குரலில் சேர்த்த ரிவர்ப், அதாவது செயற்கை எதிரொலி, எவ்வளவு என்று தெளிவாகக் கேட்க ஆரம்பித்தது.

உங்கள் அறையின் நீள அகலத்தை இன்றைக்கே டேப் வைத்து அளந்து இந்தக் கணக்கைப் போட்டு, கிடைத்த எண்களை மானிட்டர் மேல் ஒட்டி வையுங்கள். 12 அடி என்றால் 47 ஹெர்ட்ஸ். யாராவது பேஸ் பற்றிச் சொன்னால் முதலில் அந்தச் சீட்டைப் பாருங்கள்.

படி 3: யார் யாரிடம் கேட்பது

ஐந்தாறு பேர் போதும், ஆனால் ஐந்தாறு பேரும் ஒரே மாதிரி ஆளாக இருக்கக் கூடாது.

மிக்ஸிங் தெரிந்த ஒருவர், முடிந்தால் ராக் கேட்கிறவர். ராக் நிறையக் கேட்கும், ஆனால் எந்தக் கருவியும் வாசிக்காத ஒருவர். பாட்டை இதுவரை ஒரு தடவைகூடக் கேட்காத, தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவர், இவர் பாட்டியாக இருந்தாலும் சரி. அப்புறம் வெவ்வேறு கருவியில் கேட்கிற இரண்டு பேர்: ஒருவர் கார், ஒருவர் போன் ஸ்பீக்கர்.

பேண்டில் இருப்பவர்களிடம் கேட்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை: யாரும் தன் கருவியைப் பற்றிப் பேசக் கூடாது. கிடாரிஸ்ட்டுக்குக் கிடார் எப்போதும் சின்னதாகத்தான் கேட்கும். அவரிடம் கிக் டிரம்மும் பேஸும் சேர்கிறதா என்று கேளுங்கள், பேஸ் வாசிப்பவரிடம் குரலைப் பற்றிக் கேளுங்கள். பாடியவரிடம் குரல் சத்தம் போதுமா என்று கேட்கவே வேண்டாம். தன் குரலைத் தானே கேட்கக் கூச்சப்படுகிறவர் குறைக்கச் சொல்வார், ஆசைப்படுகிறவர் ஏற்றச் சொல்வார்.

காசு கொடுத்து ஒரு மிக்ஸ் இன்ஜினியரிடம் ஒரு மணி நேரம் உட்கார முடிந்தால், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாலு சுற்றில் சிக்கக்கூடியதையெல்லாம் சரிசெய்த பிறகு போனால் அந்த ஒரு மணி நேரத்தில் உங்களால் யோசிக்கவே முடியாத விஷயங்கள் கிடைக்கும்.

படி 4: எதை அனுப்புவது, என்ன எழுதுவது

ஃபைல் முதலில். மாஸ்டர் பஸ்ஸில் (எல்லா ட்ராக்கும் சேரும் பொதுத் தடம்) லிமிட்டரை (சத்தம் ஒரு வரம்பைத் தாண்டாமல் அமுக்கும் கருவி) லேசாக வைத்து, மொத்தம் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் அக்கம்பக்கம், உச்சம் மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டாமல் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மைனஸ் 14 என்பது ஸ்பாட்டிஃபை பாட்டுகளைச் சமன் செய்து ஒலிக்கும் அளவு, அதனால் மற்ற பாட்டுகளோடு சேர்த்துக் கேட்டாலும் உங்கள் பாட்டு துருத்திக்கொண்டு நிற்காது. லிமிட்டரை நசுக்கி மைனஸ் 7க்குக் கொண்டுபோய் அனுப்பினால் “சத்தமா இருக்கு, செம” என்று வரும், அல்லது “ரொம்ப நேரம் கேட்க முடியல” என்று வரும், இரண்டிலும் மிக்ஸைப் பற்றி ஒன்றும் இருக்காது. மிக்ஸிங் தெரிந்தவருக்கு 24 பிட் வேவ், மற்றவர்களுக்கு 320 கேபிபிஎஸ் எம்பி3 போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக இணைத்து அனுப்புங்கள். ஃபைல் பெயரில் எண் கட்டாயம், “மிக்ஸ் 07” என்று. “ஃபைனல்”, “ஃபைனல் புதுசு” என்று பெயர் வைத்தால் இரண்டு வாரம் கழித்து யார் எதைக் கேட்டுச் சொன்னார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது.

பாட்டோடு மன்னிப்பும் விளக்கமும் அனுப்பாதீர்கள். “குரல் கொஞ்சம் சரியில்ல, மைக் சின்ன மைக், கண்டுக்காதீங்க” என்று எழுதினால் கேட்பவர் குரலை மட்டுமே கவனிப்பார், அதுவும் கண்டுக்காமல் விடுவார்.

மிக்ஸிங் தெரிந்த ஒருவருக்கு நான் இப்படி எழுதுவேன்:

“அண்ணா, வணக்கம். ஒரு ராக் பாட்டு, 4 நிமிஷம், மாஸ்டர் ஆகாத மிக்ஸ். உங்களுக்கு நேரம் இருக்கும்போது ஒரே ஒரு தடவை நிறுத்தாமக் கேட்டுட்டு மூணு விஷயம் மட்டும் சொல்லுங்கண்ணா. ஒண்ணு, முதல்ல உங்க கவனத்தைக் கெடுத்தது எது, எந்த நிமிஷத்துல. ரெண்டு, கோரஸ் வரும்போது பாட்டு பெருசாகுதா, இல்ல அப்படியே இருக்கா. மூணு, கிக்கும் பேஸும் தனித்தனியாக் கேக்குதா. எதுல கேட்டீங்கன்னும் சொல்லிடுங்க. அவசரம் இல்ல, அடுத்த ஞாயிறுக்குள்ள சொன்னாப் போதும்.”

இதில் ஒவ்வொன்றும் ஒரு காரணத்துக்காக இருக்கிறது. “நிறுத்தாமல் ஒரு தடவை” என்றால்தான் பாட்டாகக் கேட்பார், இல்லையென்றால் வேலை தெரிந்தவர் 20 நொடிக்கு ஒருமுறை நிறுத்திப் பிழை தேட ஆரம்பிப்பார். நேரக்குறிப்பு இல்லாத கருத்தை வைத்து எதையும் திருத்த முடியாது. எதில் கேட்டார் என்று தெரியாவிட்டால் பேஸ் பற்றிய எந்தக் கருத்தையும் நம்ப முடியாது. நாளைக் குறிப்பிட்டால் மறக்க மாட்டார், அவசரம் இல்லை என்றால் சலித்துக்கொள்ளவும் மாட்டார்.

மிக்ஸிங் தெரியாதவர்களிடம் கேள்வி வேறு. “எப்படி இருக்கு” என்று கேட்காதீர்கள், நம் ஊரில் அதற்கு ஒரே பதில்தான், யாரும் முகத்துக்கு நேரே மனம் நோகச் சொல்ல மாட்டார்கள். “எந்த இடத்துல போனை எடுத்துப் பார்க்கத் தோணுச்சு?”, “பாட்டு முடிஞ்சதும் எந்த வரி வாயில நின்னுச்சு?”, “ஒரே ஒரு வாத்தியத்தைக் குறைக்கலாம்னா எதைக் குறைப்ப?” இப்படிக் கேளுங்கள். கடைசிக் கேள்வி ரொம்ப உதவும், ஏனென்றால் குறை சொல்கிறோம் என்ற கூச்சம் அதில் இல்லை. நீங்களே அனுமதி கொடுத்துவிட்டீர்கள்.

படி 5: பக்கத்தில் உட்காருங்கள், பேசாதீர்கள்

ஒருவராவது உங்கள் கண்முன் கேட்கட்டும். அவர் முகத்தைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். கோரஸில் கை சத்தத்தைக் குறைக்கப் போகிறதா? அப்படியென்றால் அங்கே 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஏதோ காதைக் குத்துகிறது, அவர் வாயால் சொல்லாவிட்டாலும். இரண்டாவது பல்லவியில் ஏற்றப் போகிறதா? அங்கே குரல் அமுங்குகிறது. காலால் தாளம் போடுகிறவர் எங்கே நிறுத்துகிறார் என்பதும் முக்கியம், பெரும்பாலும் அங்கே கிக்கைக் கிடார் விழுங்கியிருக்கும்.

“இந்த இடத்துல ஒரு சோலோ வரும் பாரு” என்று சொல்லாதீர்கள். வாயைத் திறக்கவே வேண்டாம்.

படி 6: வரிகளை எழுதச் சொல்லுங்கள்

ராக் மிக்ஸில், அதுவும் தமிழில் பாடுகிற ராக் மிக்ஸில், எனக்கு இதைவிட நல்ல சோதனை தெரியாது. பாட்டு எழுதியவருக்கும் பாடியவருக்கும் மிக்ஸ் செய்தவருக்கும் வரிகள் மனப்பாடம். குரலை 6 டெசிபெல் இறக்கினாலும் அவர்களுக்குக் கேட்கும், மனம் நிரப்பிக்கொள்ளும். அதனால் பாட்டை முன்பின் கேட்காத ஒருவரிடம் முதல் பத்தியை ஒரே தடவை போட்டுக் காட்டி, கேட்டதை அப்படியே காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் பாட்டின் முதல் வரி “வழி தெரியாத ஊரில்”. என் சித்தி எழுதிக் கொடுத்தது “வலி தெரியாத ஊரில்”. அதுவும் அழகான வரிதான், ஆனால் எங்கள் வரி இல்லை.

இப்போது இரண்டில் ஒன்று. குரல் ட்ராக்கை மட்டும் தனியாகப் போட்டு இன்னொருவரிடம் எழுதச் சொன்னேன். அவர் “வழி” என்று சரியாக எழுதினார். அப்படியென்றால் பாடியதில் தப்பில்லை, ழகரத்தை மிக்ஸில் ஏதோ மூடுகிறது. தனியாகப் போட்டும் “வலி” என்றே வந்திருந்தால் எந்த ஈக்யூவும் காப்பாற்றாது, பாடுபவரை மறுபடி மைக் முன்னால் நிறுத்த வேண்டியதுதான்.

மூடியது எது? எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் தெளிவு பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. டிஸ்டார்ஷன் போட்டுக் கரகரப்பாக்கிய கிடாரின் கூர்மையும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. குரலை ஏற்றினால் குரல் வாத்தியங்களுக்கு வெளியே தனியாகத் தொங்கும், மூடுகிற கிடார் அங்கேயேதான் இருக்கும். நான் முதலில் அதைத்தான் செய்து பார்த்தேன். சரியான வழி, இரண்டு கிடாரையும் ஒரு பஸ்ஸில் சேர்த்து, 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் அகலமாக 2.5 டெசிபெல் எடுத்தது, அதுவும் குரல் வரும் இடங்களில் மட்டும். குரலின் ஃபேடரைத் தொடவே இல்லை. வேறொருவர் எழுதிப் பார்த்தார். “வழி.”

படி 7: கேட்டவர் சொன்ன சொல்லை அலைவரிசையாக மாற்றுவது

நம் ஆட்கள் மிக்ஸைப் பற்றிப் பேசும் மொழி அபாரமானது. “பிரசன்ஸ் கம்மி” என்று யாரும் சொல்ல மாட்டார்கள், “கம்பளியைப் போத்திட்டுப் பாடுற மாதிரி இருக்கு” என்பார்கள். அந்தச் சொல்லை அப்படியே எழுதி வையுங்கள், உங்கள் மொழிக்கு மாற்றி எழுதாதீர்கள், ஒலியின் குணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

“கம்பளி”, “அடைச்ச மாதிரி”, “கொளகொளன்னு” என்றால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் குவிந்திருக்கிறது. ஒரே ட்ராக்கில் இருப்பது அபூர்வம். இரண்டு கிடார், பேஸ், குரல், டிரம்ஸின் ரூம் சத்தம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கும். ஒன்றில் 8 டெசிபெல் வெட்டாமல் நாலைந்தில் 2 டெசிபெல் எடுங்கள். கிடாரில் 80, 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹை பாஸ் போட்டால் பேஸுக்கு இடம் கிடைக்கும், கிடாரின் கடைசித் தந்தியே 82 ஹெர்ட்ஸில்தான் ஆரம்பிக்கிறது.

“பாத்ரூம்ல பாடுற மாதிரி”, “பானைக்குள்ள இருந்து” என்றால் பெரும்பாலும் ரிவர்ப் அதிகம் என்று நினைத்துக் குறைப்போம். முதலில் ரிவர்பை முழுசாக அணைத்துக் கேளுங்கள். அப்போதும் பானை இருந்தால் அது ரெக்கார்ட் செய்த அறையின் எதிரொலி, மைக்குக்குள்ளேயே பதிவாகிவிட்டது. அதை எடுப்பது கஷ்டம். பீரோவைத் திறந்து துணிகளுக்கு முன்னால் பாடுபவரின் முதுகு இருக்கும்படி நிறுத்தி மறுபடி பாட வைப்பது ஒரு மணி நேர வேலை, பிளக்இன் வைத்துப் போராடுவது ஒரு வார வேலை.

“தகர டப்பா” என்றால் 1,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம், அல்லது கீழே கனமே இல்லை. “காதுல குத்துது” என்றால் 2,500 முதல் 4,500 வரை, சந்தேகப்பட வேண்டியவை கிடாரும் சிம்பலும். “ஸ்ஸ்னு இருக்கு” என்றால் 5,000 முதல் 8,000, குரலில் அந்த ‘ஸ்’ ஒலியை அடக்கும் டீஎஸ்ஸர் போடுங்கள்.

“ஸ்னேர் டொப்பு டொப்புன்னு, அட்டைப்பெட்டியைத் தட்டுற மாதிரி.” இதில் ஈக்யூவுக்குப் போவதற்கு முன் கம்ப்ரஸரின் (பெரிய சத்தங்களை அமுக்கும் கருவி) அட்டாக்கை, அதாவது அது எவ்வளவு வேகமாக அமுக்குகிறது என்பதைப் பாருங்கள். 1 மில்லி நொடியில் இருந்தால் குச்சி தோலில் படும் அந்த முதல் அடியை அதுவே அமுக்கிவிடுகிறது. 20, 30க்குக் கொண்டுபோனால் அடி திரும்பி வரும். பல தடவை அதோடு வேலை முடிந்துவிடும்.

கஷ்டமானது “சப்புன்னு இருக்கு”, “உயிர் இல்ல”. இதற்கு அலைவரிசை கிடையாது. பல்லவி, சரணம், கோரஸ் எல்லாம் ஒரே சத்தத்தில் இருக்கும், எல்லா ட்ராக்கும் கம்ப்ரஸ் ஆகி மூச்சு முட்டிக்கொண்டிருக்கும். கோரஸை ஏற்றத் தோன்றும், அதைச் செய்யாமல் அதற்கு முந்தைய பகுதியை 1 டெசிபெல் இறக்கிப் பாருங்கள், ஒரு கிடாரை அங்கே முழுசாக எடுத்துவிட்டுப் பாருங்கள். மிக்ஸ் பற்றி வரும் கருத்துகளில் கணிசமானவை உண்மையில் அரேஞ்ச்மெண்ட் பற்றியவை. அதை ஒப்புக்கொள்ள மனம் வராது, நான்கு கிடார் லேயரையும் நாம்தானே வியர்த்து வாசித்தோம், ஆனால் மூன்றாவதையும் நான்காவதையும் மியூட் செய்து ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

படி 8: இரண்டு பேர் எதிரெதிராகச் சொன்னால்

ஒருவர் கிடார் அதிகம் என்கிறார், ஒருவர் கிடார் கம்மி என்கிறார். உடனே சராசரி எடுத்து நடுவில் வைக்காதீர்கள். எதில் கேட்டார்கள் என்று பாருங்கள். முழு இடது, முழு வலதுக்குத் தள்ளிய இரண்டு கிடார்கள் மோனோவில் சேரும்போது நடுவில் இருக்கும் குரலோடு ஒப்பிட்டால் சுமார் 3 டெசிபெல் இறங்கிவிடும். ஒற்றை ஸ்பீக்கரோ, சின்ன புளூடூத் டப்பாவோ வைத்துக் கேட்டவருக்குக் கிடார் கம்மி. ஹெட்ஃபோனில் கேட்டவருக்குக் கிடார் இரண்டு காதுக்குள்ளும் நேராகப் போகிறது, அதனால் அதிகம். இரண்டு பேர் சொன்னதும் சரி. கிடார்களை 100க்குப் பதில் 75, 80 சதவீதம் வரை மட்டும் தள்ளினால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறையும், கொஞ்சம் அகலம் போகும். நான் அகலத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன், மோனோவில் பாட்டு புரிந்தால் எனக்குப் போதும். உங்கள் முடிவு வேறாக இருக்கலாம்.

குரல் விஷயத்தில் இன்னொன்று. சினிமாப் பாட்டில் குரல்தான் ராஜா, வாத்தியங்கள் ஒரு அடி பின்னால் நிற்கும். அந்தக் காதோடு வருகிறவருக்கு எந்த ராக் மிக்ஸிலும் குரல் கம்மியாகத்தான் தோன்றும். ராக் மட்டுமே கேட்கிறவருக்கு, குரல் கிடாரோடு தோள் உரசி நிற்காவிட்டால் தூக்கலாகத் தெரியும். அந்த முதல் சுற்றில் எனக்கு வந்த இரண்டு பதில்களும் இப்படித்தான். சொன்னவர் வழக்கமாக என்ன கேட்பார் என்று தெரியாமல் குரலின் ஃபேடரை நகர்த்தாதீர்கள்.

வெவ்வேறு கருவியில் கேட்ட மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே நிச்சயம் ஏதோ இருக்கிறது, உங்களுக்குக் கேட்காவிட்டாலும். ஒரே ஒருவர் சொன்னால் அவர் கேட்ட மாதிரிக் கருவியில் நீங்களும் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சின்ன ஸ்பீக்கரை அலட்சியம் செய்ய வேண்டாம். யமஹா என்எஸ் 10 என்ற ஸ்பீக்கர் 1978ல் வீட்டு ஸ்டீரியோவுக்காக வந்தது, 2001ல் தயாரிப்பு நின்றது, நடுவில் உலகம் முழுக்க ஸ்டுடியோக்களில் மிக்ஸ் டேபிள் மேல் உட்கார்ந்திருந்தது. கீழ் ஒலி குறைவு, நடு ஒலி முகத்தில் அடிக்கும், நடுவில் இருக்கும் குழப்பத்தை அது மறைக்காது. உங்கள் போன் ஸ்பீக்கரும் கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்யும். பேஸின் அடி அதில் வரவே வராது, ஆனாலும் பேஸ் என்ன வாசிக்கிறது என்று புரிய வேண்டும். புரியவில்லையென்றால் பேஸில் 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் லேசான டிஸ்டார்ஷன் சேருங்கள்.

படி 9: திருத்துவது

வந்த கருத்துகளுக்கு உடனே பதில் எழுதாதீர்கள். “நன்றிண்ணா, பாக்கறேன்” என்பதோடு நிறுத்துங்கள். ஏன் அப்படிச் செய்தேன் என்று விளக்க ஆரம்பித்தால் அடுத்த பாட்டுக்கு அவர் பாதியைச் சொல்லாமல் விழுங்கிவிடுவார்.

எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் நேர வரிசையில் எழுதுங்கள்: 0:24 கும், 0:40 வரி புரியல, 1:12 கும், 1:50 குத்துது. ஆள் பெயர் வேண்டாம், பெயர் இருந்தால் பிடித்தவர் சொன்னதற்கு எடை கூடிவிடும். குவிந்திருக்கும் இடம் தானாகக் கண்ணில் படும், அங்கிருந்து ஆரம்பியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். மாற்றியதும் பழைய மிக்ஸையும் புதிய மிக்ஸையும் ஒரே சத்த அளவில் வைத்து, எது எது என்று தெரியாமல் வேறு யாரையாவது மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். 1 டெசிபெல் அதிகமாக இருக்கிற மிக்ஸ் எப்போதும் நல்ல மிக்ஸாகத் தெரியும், இதில் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் காது ஏமாறும்.

முதல் சுற்றில் சொன்னவர்களுக்கே இரண்டாவது மிக்ஸை அனுப்பலாம், ஆனால் ஒரே ஒரு கேள்வியோடு: “1:12ல இன்னும் அதிருதா?” அவர்களுடைய முதல் கேட்பு தீர்ந்துவிட்டது, மொத்தப் பாட்டைப் பற்றி இனி அவர்களிடம் கேட்டுப் பயனில்லை. மொத்தமாகக் கேட்க இரண்டு புதுக் காதுகளை முதல் சுற்றிலேயே கேட்காமல் ஒதுக்கி வையுங்கள்.

எப்போது நிறுத்துவது என்று என்னிடம் கேட்டால், புதிதாக வரும் கருத்துகளில் நேரக்குறிப்பு நின்றுபோனால். “1:12ல அதிருது” போய், “எனக்கு இன்னும் கொஞ்சம் ரிவர்ப் இருந்தாப் பிடிக்கும்” என்று வர ஆரம்பித்தால் அது அவரவர் ருசி. அதற்குப் பிறகு நான் மிக்ஸைத் திறப்பதில்லை. அப்படியும் குரல் அளவில் மட்டும் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருக்கும், எல்லா மிக்ஸிலும் இருக்கும். அதனால் கடைசியாக எக்ஸ்போர்ட் செய்யும்போது நான்கு ஃபைலாக எடுங்கள்: இப்போதைய மிக்ஸ், குரல் 1 டெசிபெல் ஏற்றியது, குரல் 1 டெசிபெல் இறக்கியது, குரலே இல்லாதது. நான்கிலும் மாஸ்டர் லிமிட்டரை எடுத்துவிட்டு, உச்சத்தில் 3, 4 டெசிபெல் இடம் விட்டு, ரெக்கார்ட் செய்த அதே சாம்பிள் ரேட்டில், 24 பிட் வேவாக. மாஸ்டரிங் செய்பவர் குரலைப் பற்றி ஏதாவது சொன்னால் அந்த வரிசையிலிருந்து வேறொன்றை எடுத்து நீட்டினால் போதும். நான்கையும் செஷன் ஃபோல்டரோடு சேர்த்து வேறொரு ஹார்ட் டிஸ்க்கிலும் போட்டுவிட்டு அடுத்த பாட்டுக்கு ஃபேனை நிறுத்துங்கள்.